குக்கீயில் கோட்டைவிட்டதற்கு வளையலைக் கழற்ற வேண்டாம்

அக்கா, தண்டையார்பேட்டையிலிருந்து நீங்கள் போன் செய்து அழுததிலிருந்து எனக்கும் மனசு சரியில்லை. பிசிஏ முடித்த பையன் இன்டர்வியூவில் ஒரே கேள்வியில் கவிழ்ந்துவிட்டான், வளையலை அடகு வைத்தாவது பெரிய கோர்ஸில் சேர்க்கட்டுமா என்று கேட்டீர்கள். வேண்டாம்.

கேள்வி இதுதான்: வெப்சைட் எழுதும் மொழியான பிஎச்பியில், குக்கீ என்ற சின்னக் குறிப்பை வைக்கும் செட்குக்கீ கட்டளையை எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே அந்தக் குக்கீயைப் படித்தால் என்ன கிடைக்கும்? 'இப்போது வைத்த மதிப்பு' என்றிருக்கிறான். முதல் தடவை ஒன்றுமே கிடைக்காது.

உங்களுக்கே இது புரியும். ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் ஓபி சீட்டு போட்டுக் கொடுக்கிறார்கள். அடுத்த முறை அதை நீங்கள் கொண்டுபோய் நீட்டினால்தான் பழைய விவரம் தெரியும். வெப்சைட்டை அனுப்பும் கம்ப்யூட்டரான சர்வரும் அப்படித்தான், ஒவ்வொரு தடவையும் உங்களைப் புது ஆளாகத்தான் பார்க்கும். பதிலோடு சேர்த்து ஒரு சீட்டு கொடுத்தனுப்பும், அதுதான் குக்கீ; பிரவுசர் அதைப் பத்திரமாக வைத்திருந்து அடுத்த முறை காட்டும். பையன் படிக்கப் பார்த்தது வந்தவர், அதாவது பிரவுசர், கையிலிருந்த சீட்டை. புதுச் சீட்டு இன்னும் கவுன்டரைத் தாண்டவே இல்லையே! 1994இல் நெட்ஸ்கேப் என்ற பிரவுசர் கம்பெனியில் லூ மான்டுல்லி என்பவர் கொண்டுவந்த ஏற்பாடு இது. அடிப்படை இன்றும் அதேதான்.

இது பிடிபட்டால் மற்றதும் வரும். சீட்டு ஹெடரில், அதாவது பதிலின் தலைப்புக் குறிப்பில் போகிறது, ஹெடர் பக்கத்துக்கு முன்னால் போகிறது. அதனால்தான் எக்கோ கட்டளை பக்கத்தில் எழுதியது கிளம்பிப்போன பிறகு செட்குக்கீ எழுதினால் பிஎச்பி எச்சரிக்கை கொடுக்கும். அழிக்கவும் தனிக் கட்டளை கிடையாது: அதே பெயர், அதே பாத் (வெப்சைட்டின் எந்தப் பகுதிக்கு அந்தக் குக்கீ என்ற விவரம்), முடிந்துபோன தேதி போட்டு மறுபடி அனுப்ப வேண்டும். பாத் மாறினால் பழையது அப்படியே உட்கார்ந்திருக்கும். வேலைக்குச் சேர்ந்தவர்களே இதில் அரை நாள் தொலைப்பார்கள்.

அப்புறம், சீட்டு இருப்பது வந்தவர் கையில். அவர் திருத்தலாம். 'இவர் அட்மின்' என்று குக்கீயில் எழுதி நம்பக் கூடாது. வந்தவரை அடையாளம் காட்டும், யூகிக்க முடியாத ஒரு செஷன் எண் மட்டும் போதும், மற்றது சர்வரில் இருக்கட்டும். குக்கீயோடு சேர்த்துப் போடும் பாதுகாப்புக் குறிப்புகளான எச்டிடிபிஒன்லி, செக்யூர், சேம்சைட் மூன்றும் எதற்கு என்று அவன் சொந்த வார்த்தையில் சொல்லத் தெரிய வேண்டும்.

இதற்கெல்லாம் காசு வேண்டாம். லேப்டாப்பிலேயே பிஎச்பியை ஓட்டிப் பார்க்க உதவும் சாம்ப் (XAMPP) இலவசமாகப் போட்டுக்கொள்ளலாம். ஒரு லாகின் பக்கம் எழுதி, பிரவுசரில் எஃப்12 அழுத்தி நெட்வொர்க் பகுதியில் சீட்டு போவதையும் வருவதையும் பார்க்கச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்போடு என்னிடம் அனுப்புங்கள், அதே கேள்வியை நானே கேட்கிறேன்.