கேக் பெட்டியில் தூரிகை எழுத்துரு: எங்கே பொருந்தும்?

வீட்டிலேயே கேக் செய்து விற்கும் வாசகி ஒருவர், பெட்டிக்கும் வாசல் பலகைக்கும் பசிபிக்கோ எழுத்துருவைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். ஆங்கிலப் பெயர் தூரிகையால் எழுதியதுபோல் துள்ளலாக வர, தமிழ் மட்டும் சாதாரண எழுத்தாக மாறுவது ஏன் என்றும், உட்பொருள் பட்டியலையும் இதே எழுத்துருவில் அச்சிடலாமா என்றும் கேட்கிறார்.

1950களின் அமெரிக்க அலைச்சறுக்குப் பண்பாட்டிலிருந்து உந்துதல் பெற்று, வெர்னான் ஆடம்ஸ் 2011இல் வடிவமைத்த பசிபிக்கோவில் தமிழ் எழுத்துகள் இல்லை. ஆகவே, நீங்கள் தமிழில் தட்டச்சு செய்யும்போது கணினி வேறொரு எழுத்துருவை எடுத்து அந்த இடத்தை நிரப்புகிறது. தமிழுக்கு, தாரிக் அஸீஸ் வடிவமைத்த, சாய்வான கையெழுத்துச் சாயல் கொண்ட கவிவனார் இருக்கிறது; ஆனால் அது ஒரே தடிமனில்தான் கிடைக்கிறது. பசிபிக்கோவின் கனத்துக்கு ஈடுகொடுக்க, ஐந்து தடிமன்களில் வரும் பலூ தம்பி 2 இன்னும் பொருத்தமானது. அது தூரிகை எழுத்து அன்று என்றாலும், அதன் உருண்டு திரண்ட வடிவம் ஆங்கிலப் பெயருடன் இணக்கமாக நிற்கும். பசிபிக்கோவில் பெயரை முழுவதும் பெரிய எழுத்துகளில் அமைக்கவோ, எழுத்துகளுக்கு இடையே இடைவெளி கூட்டவோ வேண்டாம். தூரிகை ஓட்டமாகத் தெரியும் இணைப்புகள் அறுந்துபோகும்.

உட்பொருள், தயாரித்த தேதி, விலை ஆகியவற்றுக்கு இவ்வகை எழுத்து கூடவே கூடாது. தடித்த கோடுகள் சிறிய அளவில் அச்சாகும்போது, அதிலும் மை ஊறிப் பரவும் பழுப்பு அட்டையில், எழுத்தின் சுழிகள் அடைபடுகின்றன. தமிழில் இது அழகுக் குறை மட்டும் அன்று, பொருளையே மாற்றிவிடும்: ணகரத்தின் ஒரு சுழி அடைந்தால் 'மணம்' 'மனம்' ஆகிவிடும், புள்ளி மங்கினால் மெய்யெழுத்து உயிர்மெய்யாகிவிடும். பெயருக்கும், மூன்று நான்கு சொற்களுக்கு மிகாத வாழ்த்து வரிக்கும் மட்டுமே தூரிகைச் சாயல் போதும்.

கடையின் பெயரை மட்டுமாவது பலகை எழுதும் ஓவியர் ஒருவரிடம் கையால் எழுதி வாங்குங்கள் என்பேன். எழுத்துருவில் 'பாப்பா' என்று தட்டினால் இரண்டு 'பா'வும் அச்சு அசலாக ஒன்றுபோலவே வந்து, கையால் எழுதிய உணர்வை அங்கேயே குலைத்துவிடும். தேர்ந்த கை இரண்டாவது 'பா'வின் துணைக்காலை இயல்பாகவே சற்று நீட்டியோ வளைத்தோ எழுதும்.

மேற்சொன்ன மூன்று எழுத்துருக்களும் திறந்த எழுத்துரு உரிமத்தில் வெளியானவை; வணிகப் பயன்பாட்டுக்குக் கட்டணம் இல்லை, எழுத்துருவைத் தனியாக விற்கத்தான் கூடாது. வேறு தளங்களில் இலவசமாகக் கிடைப்பவற்றில் 'தனிப்பட்ட பயன்பாட்டுக்கு மட்டும்' என்ற குறிப்பு இருந்தால், உரிமம் வாங்காமல் பெட்டியில் அச்சிடாதீர்கள்.

அச்சகத்துக்கு அனுப்புமுன் வடிவமைப்பு மென்பொருளில் எழுத்துகளைக் கோட்டு வடிவமாக (outlines) மாற்றிவிடுங்கள். அங்குள்ள கணினியில் அந்த எழுத்துரு இல்லாவிட்டாலும் வடிவம் மாறாது. மாற்றியபின் எழுத்துப்பிழையைத் தட்டச்சால் திருத்த முடியாது என்பதால், திருத்தக்கூடிய பிரதி ஒன்றைத் தனியே சேமித்து வையுங்கள்.