டன்மோர் விவசாயியும் ஆற்று வடிகாலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அயர்லாந்தில் சிறு விவசாயிகளுக்காக மைக்கேல் டானலன் தொடங்கிய கட்சியைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அந்த மனிதர் ஒன்பதே வருடத்தில் பெரிய பண்ணைக்காரர்களின் ஃபைன் கேல் கட்சியோடு சேர்ந்து பதவிக்குப் போய்விட்டார். அவர் கட்சியும் கரைந்துபோனது. விவசாயி அரசியலுக்குப் போனால் கடைசியில் இவ்வளவுதானா?

க., மன்னார்குடி

அன்புள்ள க.,

இவ்வளவுதான் என்று எனக்குத் தோன்றவில்லை.

டானலன் கால்வே கவுண்டியில் டன்மோர்க்காரர். 1925இல் அகில அயர்லாந்துப் பட்டம் வென்ற கால்வேயின் கேலிக் கால்பந்து அணியில் ஆடியவர். அது அயர்லாந்துக்கே உரிய கால்பந்து. 1939இல் அதென்ரியில் அவர் தொடங்கிய கட்சியின் பெயர் கிளான் நா டலூன், அதாவது 'நிலத்தின் மக்கள்'. பிள்ளைகள் என்ற பொருளில் வரும் மக்கள்தான் அது. அதற்கு முன்பு, 1932 முதல் 1938 வரை, பிரிட்டனோடு நடந்த வணிகச் சண்டையில் மாடுகள் விலை போகவில்லை. கன்றுத் தோலுக்கு அரசே பணம் கொடுத்தது. வளர்க்க வேண்டிய கன்றை அடித்து, தோலை உரித்து எடுத்துப் போய்க் கொடுத்தார்கள். அந்தக் கோபத்தை மறந்துவிட்டு இந்தக் கட்சியைப் புரிந்துகொள்ள முடியாது.

1948 தேர்தலில் கட்சிக்குக் கிடைத்தது 7 இடம். பிரதமர் டி வலேராவின் 16 வருட ஆட்சியை இறக்க ஐந்து கட்சிகள் கைகோத்தபோது இவர்களும் சேர்ந்தார்கள். டானலனுக்கு வந்தது நிதித்துறையில் நாடாளுமன்றச் செயலர் பதவி. முழு அமைச்சர்கூட இல்லை. ஆனால் பொதுப்பணி அலுவலகம் அவர் பொறுப்பில் இருந்தது, ஆற்று வடிகால் வேலை அந்த அலுவலகத்தின் கையில் இருந்தது.

உங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வயலில் நீங்கள் எத்தனை வாய்க்கால் வெட்டினாலும், அது போய் விழும் ஆறு நிரம்பி நின்றால் தண்ணீர் திரும்பி வயலுக்குத்தான் வரும். அயர்லாந்தின் மேற்கே ஆறுகளுக்கு வாட்டம் குறைவு, மழையோ ஓயாது. கடலோரத்தில் ஆரம்பித்து மேல்நோக்கி ஆறு முழுவதையும் ஆழப்படுத்தினால்தான் ஒரு ஏழையின் புல்வெளி காயும். தனி விவசாயியால் ஆகாத காரியம் இது. 1945இல் வந்த வடிகால் சட்டம் அதற்கு வழி செய்தது. 1948 முதல் 1951 வரை ஒருமுறை, 1954 முதல் 1957 வரை மறுமுறை, அந்த வேலையை மேற்பார்த்தவர் ஈர நிலத்தின் கஷ்டம் தெரிந்த ஒரு விவசாயி. எதிர்க்கட்சி வரிசையில் இருந்து அவரால் இதைச் செய்திருக்க முடியாது. ஆறுகளைத் தோண்டியதில் மீன்களும் சதுப்பு நிலங்களும் பாதிக்கப்பட்டன என்று பிறகு எழுந்த குறையையும் நான் நியாயமானது என்றே நினைக்கிறேன்.

கட்சி கரைந்ததற்குப் பதவி மட்டும் காரணமில்லை. 1950களில் அயர்லாந்தை விட்டு ஏறத்தாழ 4 லட்சம் பேர் வெளியேறினார்கள். மேற்கின் சிறு விவசாயக் குடும்பங்களின் பிள்ளைகள் அதில் ஏராளம். ஓட்டுப் போட வேண்டியவர்கள் கப்பலேறிவிட்டார்கள். 1961இல் மிஞ்சியது 2 இடம், அதில் ஒன்று டானலனுடையது.

1964 செப்டம்பர் 27 அன்று டப்ளின் குரோக் பார்க் மைதானத்தில் அகில அயர்லாந்துக் கால்பந்து இறுதி ஆட்டம், கால்வேக்கும் கெர்ரி கவுண்டிக்கும். கால்வே அணித் தலைவர் டானலனின் மகன் ஜான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே டானலன் இறந்துபோனார். மகன் ஜெயித்துக் கோப்பையை வாங்கிய பிறகுதான் விஷயத்தைச் சொன்னார்கள். டிசம்பரில் அப்பாவின் தொகுதியில் நடந்த இடைத்தேர்தலில் ஜான் நின்று வென்றார். நீங்கள் கோபப்படும் அதே ஃபைன் கேல் கட்சி வேட்பாளராகத்தான். 1989 வரை அவர் நாடாளுமன்றத்தில் இருந்தார்.