ஐந்நூறு ரூபாயோடு முடிந்ததா?

கேள்வி: பெங்களூருக்கு வேலைக்குப் போன மகன், தன் ராட்வைலர் நாய் டைசனை எங்களிடம் விட்டுப் போனான். எனக்கு வயது 68. போன வாரம் கேட் திறந்திருந்தபோது, எதிர்வீட்டு வங்கி அதிகாரியின் பேரன் மேல் பாய்ந்துவிட்டது. கடிக்கவில்லை. ஆனாலும் போலீசுக்குப் போவேன் என்கிறார். இதற்கு முன், ஆடி மாதம், பாத்திரம் தேய்க்க வரும் அம்மாவின் பெண் கையில் லேசாகப் பல் பட்டது; ஐந்நூறு ரூபாய் கொடுத்தோம், முடிந்துவிட்டது. ராட்வைலருக்குத் தடை உண்டா? ஏற்காட்டில் எஸ்டேட் வைத்திருக்கும் நண்பர் காவலுக்குக் கேட்கிறார். கொடுத்துவிடலாமா?
- ஓய்வுபெற்ற ஆசிரியர், கன்னங்குறிச்சி, சேலம்

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தில் நாய்க்குப் பெயர் இருக்கிறது. கடிபட்ட குழந்தைக்கு இல்லை.

தடை விஷயத்தைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். 2024 மார்ச்சில் மத்திய கால்நடைத் துறை 23 நாய் இனங்களைப் பட்டியலிட்டு, தடை செய்யச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதியது; ராட்வைலரும் அதில் உண்டு. ஏப்ரலிலேயே கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. மே மாதம் சென்னை நுங்கம்பாக்கம் பூங்காவில் ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர்கள் குதறிய பிறகு இங்கேயும் அப்படி ஓர் உத்தரவு வந்தது, வந்த வேகத்தில் திரும்பியும் போனது. அப்பாடா என்று உட்கார்ந்துவிடாதீர்கள்.

உங்களைப் பிடிக்கப்போவது, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவு. தன் வசமுள்ள விலங்கால் மனிதருக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளத் தெரிந்தோ அலட்சியமாகவோ தவறினால், ஆறு மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அது இனத்தைக் கேட்பதே இல்லை. ராஜபாளையம், கோம்பை, தெருவில் எடுத்து வளர்த்தது எல்லாம் அதற்கு ஒன்றுதான். வாங்கியவன் மகன், வசம் வைத்திருப்பவர் நீங்கள். ‘தெரிந்தோ’ என்ற சொல்லைக் கவனியுங்கள். கடிக்கும் என்று ஆடியிலேயே உங்களுக்குத் தெரியும். கடிக்காத நாய்க்காக யாரும் ஐந்நூறு ரூபாய் எடுத்துக் கொடுப்பதில்லை.

லேசாகப் பல் பட்டதா, தோல் கிழிந்ததா? ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவினீர்களா? பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப்போனது யார்? அங்கே ஊசி இலவசம்தான். ஆனால் முதல் நாள், 3, 7, 28 என்று நான்கு முறை அந்த அம்மா வேலையை விட்டுவிட்டு அலைய வேண்டும். கடித்த நாய் பத்து நாள் தாண்டியும் நன்றாக இருந்தால் அந்தக் கடியால் வெறிநோய் வராது. டைசன் இன்றும் கல்லுமாதிரி இருக்கிறது, சரி. அந்தப் பத்து ராத்திரியும் அந்தத் தாய் எப்படித் தூங்கினாள் என்று ஒருநாளாவது கேட்டீர்களா? ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பாடம் சொன்னவர் நீங்கள்! நம் எச்சில் தட்டைக் கழுவுகிறவர்களின் பிள்ளை நம் பொறுப்பு என்று சொல்லி வளர்க்கப்பட்டவள் நான். பழங்காலத்து ஆள் என்று சொல்லிக்கொள்ளுங்கள், கவலையில்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை மகனை பஸ் ஏறி வரச் சொல்லுங்கள். எதிர்வீட்டுக்கு அப்புறம் போகலாம்; முதலில் இருவருமாக அந்தக் குழந்தையின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேளுங்கள். பிறகு கேட்டுக்குத் தானாகச் சாத்திக்கொள்ளும் ஸ்பிரிங், வெளியே எடுத்தால் நாய்க்கு வாய்மூடி. பயந்துபோய் நாள் முழுக்கக் கட்டிப்போட்டுவிடாதீர்கள். நடக்கவிடாமல் கட்டியே வைப்பது 1960ஆம் வருட விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி தனிக் குற்றம். நாற்பது கிலோ நாயை 68 வயதில் இழுத்து நிறுத்த உங்களால் ஆகாது. மகனால் இங்கே வந்து பார்த்துக்கொள்ள முடியாதென்றால், ஆசைப்பட்டு வாங்கியதை அவனே பெங்களூருக்குக் கொண்டுபோகட்டும்.

எஸ்டேட் நண்பருக்கா? அங்கே தொழிலாளிகள் குடியிருக்கும் லைன் வீடுகளிலும் குழந்தைகள் இருக்கிறார்கள். காபிப் பழம் பறிக்க அம்மா கிளம்பினால் பின்னாலேயே ஓடிவருவார்கள். ஆடி மாதம் நடந்ததை நண்பரிடம் சொன்னீர்களா? சொல்லிப் பாருங்கள். அதன் பிறகும் அவர் நாயைக் கேட்டால், எனக்கு எழுதுங்கள்.