டபுள் கிளிக்கில் திறக்கும் பக்கம்: வாசகர் கேள்விகள்

கேள்வி (கல்லிடைக்குறிச்சி): அப்பள ஆர்டர் எழுத ஒரு ஹெச்டிஎம்எல் பக்கம் செய்து டெஸ்க்டாப்பில் வைத்திருக்கிறேன். 'அனுப்பு' அழுத்தினால் கோர்ஸ் எரர். விடாமல் அழுத்தினேன். இப்போது சர்வரில் ஒரே ஆர்டர் ஏழு தடவை நிற்கிறது!

பதில்: அண்ணாச்சி, முதலில் அழுத்துவதை நிறுத்துங்கள். கோர்ஸ் என்பது, வேறு இடத்து சர்வர் தரும் பதிலை உங்கள் பக்கம் படிக்கலாமா என்று பிரவுசர் பார்க்கும் விதி. இங்கே பிரவுசர் மறித்தது போன ஆர்டரை அல்ல, திரும்பி வந்த பதிலை. சாதாரண ஃபார்ம் வடிவில் அனுப்பினால் தரவு சர்வரைச் சேர்ந்துவிடும். பதிலை மட்டும் பிரவுசர் உங்கள் பக்கத்துக்குக் காட்டாது. ஜேசானாக (JSON, தரவை எழுதும் ஒரு வடிவம்) அனுப்பினால் கதை வேறு. பிரவுசர் முன்கூட்டியே 'ஆப்ஷன்ஸ்' கோரிக்கை அனுப்பி அனுமதி கேட்கும். சர்வர் சம்மதிக்காவிட்டால் ஆர்டர் கிளம்பவே கிளம்பாது. எஃப்12 அழுத்தி நெட்வொர்க் பகுதியைப் பார்த்தால் எது நடந்தது என்று தெரியும்.

காரணம், டபுள் கிளிக்கில் திறந்த பக்கத்துக்கு ஊர் பேர் கிடையாது. பக்கம் எங்கிருந்து வந்தது என்று சொல்லும் முகவரிதான் ஆரிஜின். அது 'நல்' (null, வெற்று) என்றே சர்வருக்குப் போகிறது. பைத்தான் என்ற நிரல்மொழியோடு வரும் ஹெச்டிடிபி சர்வரை அந்த ஃபோல்டரில் ஓடவிட்டு, பக்கத்தை லோக்கல்ஹோஸ்ட் 8000இல் (உங்கள் கணினிக்குள்ளேயே இருக்கும் முகவரி, http://localhost:8000) திறங்கள். அந்த முகவரியை அனுமதிக்கும்படி சர்வர்காரரிடம் சொல்லுங்கள். ஒவ்வொரு ஆர்டருக்கும் தனி எண் கொடுத்து, அதே எண் மறுபடி வந்தால் தள்ளிவிடவும் சொல்லுங்கள். நெட் மக்கர் செய்யும் நாளிலும் இது கைகொடுக்கும்.

கேள்வி (பாளையங்கோட்டை, கல்லூரி மாணவி): சர்வரில் 'நல்'லையே அனுமதித்துவிட்டால்?

பதில்: வேண்டாம். சாண்ட்பாக்ஸ் போட்ட ஐஃபிரேமும், அதாவது ஒரு தளத்துக்குள் கட்டுப்பாடு போட்டுப் பதித்த இன்னொரு பக்கமும், 'நல்' என்றுதான் வரும். எவனோ ஒருவனுடைய தளத்துக்கும் சேர்த்துக் கதவைத் திறந்துவிடுவீர்கள்.

கேள்வி (பத்தமடை): பாய் விலைப்பட்டியல், ஹெச்டிஎம்எல் ஃபைல் இருக்கும் அதே ஃபோல்டரில் ஒரு ஜேசான் ஃபைலாக இருக்கிறது. பழைய ஃபயர்ஃபாக்ஸில் வந்தது, இப்போது வரவில்லை.

பதில்: 2019இல் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 68 முதல் ஒரே ஃபோல்டரில் இருந்தாலும் ஒவ்வொரு ஃபைலும் தனித்தனி ஆள். எரிச்சல்தான், ஆனால் நியாயமான எரிச்சல். வாட்ஸ்அப்பில் வந்த ஒரு ஹெச்டிஎம்எல்லை டவுன்லோட்ஸில் இறக்கித் திறக்கிறீர்கள். அதே ஃபோல்டரில் உங்கள் ஆதார் ஸ்கேன் கிடக்கிறது. பழைய முறையில் அதைப் படித்து வெளியே அனுப்ப அந்தப் பக்கத்தால் முடிந்திருக்கும். விலைப்பட்டியலை .ஜேஎஸ் ஃபைலாக்கி ஸ்கிரிப்ட் டேகில் கூப்பிட்டால் வேலை முடிந்தது.

கேள்வி (வள்ளியூர்): குரோமில் இந்த ஆரிஜின் பாதுகாப்பையே அணைக்கும் ஷார்ட்கட் ஒன்றைக் கடைக்கு வந்த பையன் போட்டுக் கொடுத்தான். வேகமாக ஓடுகிறது.

பதில்: அதே ஜன்னலில்தானே பேங்க் கணக்கையும் திறக்கிறீர்கள்? அந்த ஷார்ட்கட்டை இன்றைக்கே அழித்துவிடுங்கள்.