உடன்படிக்கையும் இரத்தமும்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, பைபிளின் முதல் புத்தகமான ஆதியாகமம் 15இல், தேவன் ஆபிராமோடு (பின்னாளில் ஆபிரகாம்) உடன்படிக்கை பண்ணும்போது, மிருகங்களைத் துண்டித்து எதிரெதிரே வைப்பது எதற்காக?

பதில்: தமிழில் ‘உடன்படிக்கை பண்ணி’ என்று வாசிக்கிறோம். மூலமொழியான எபிரெயத்தில் அங்கே இருப்பது ‘காரத் பெரீத்’, அதாவது உடன்படிக்கையை ‘வெட்டினார்’. ஆபிராம் கிடாரி, வெள்ளாடு, ஆட்டுக்கடா மூன்றையும் நடுவாகப் பிளந்து வைக்கிறான். பறவைகள் உடல்கள்மேல் வந்து இறங்குகின்றன, அவன் விரட்டுகிறான். சடங்கு என்றால் ஏதோ பளபளப்பாக இருந்திருக்கும் என்று நினைப்பவர்கள் அந்த ஒரு வரியை நிறுத்திப் படிக்க வேண்டும்.

அர்த்தத்தை எரேமியா தீர்க்கதரிசியின் புத்தகம் 34ஆம் அதிகாரத்தில் உடைத்துச் சொல்கிறது. எருசலேமின் பெரியவர்கள் கன்றுக்குட்டியின் துண்டுகளுக்கு நடுவே நடந்து, அடிமைகளை விடுவிப்பதாக உறுதி தந்தார்கள். விடுவித்தவர்களை மறுபடியும் பிடித்துக்கொண்டார்கள். அந்தக் கன்றுக்கு ஆன கதிதான் உங்களுக்கும் என்கிறார் கர்த்தர். சிரியாவில் கிடைத்த கி.மு. 8ஆம் நூற்றாண்டின் செஃபிரே கல்வெட்டிலும் இதே சாபம் உண்டு: ஒப்பந்தத்தை மீறினால் இந்தக் கன்றைப்போல மத்தியேல் அரசன் வெட்டப்படட்டும்.

இப்போது ஆதியாகமத்துக்குத் திரும்புங்கள். ஆபிராம் அயர்ந்து தூங்குகிறான். துண்டுகளின் நடுவே போவது புகைகிற சூளையும் தீப்பந்தமும் மட்டும். மனிதன் நடக்கவே இல்லை. முழுப் பொறுப்பையும் தேவன் தன்மேல் எடுத்துக்கொண்டார் என்றுதான் நான் இதை வாசிக்கிறேன்.

கேள்வி: பின்னாளில் ராஜாவான தாவீதும் அவர் நண்பன் யோனத்தானும் கையைக் கீறி இரத்தம் கலந்தார்கள் என்று பிரசங்கத்தில் கேட்டேன்.

பதில்: இல்லை. 1 சாமுவேல் 18இல் யோனத்தான் கொடுப்பது சால்வை, வஸ்திரம், பட்டயம், வில், கச்சை. ஒரு சொட்டு இரத்தம் கிடையாது. உள்ளங்கையைக் கீறி ஏழு கற்களில் பூசும் வழக்கத்தைப் பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரொடோட்டஸ் அரேபியரைப் பற்றித்தான் எழுதுகிறார்.

கேள்வி: நானும் நண்பனும் கையைக் கீறிச் சத்தியம் செய்யலாமா? வேதத்தில் இடம் உண்டா?

பதில்: வேண்டாம் தம்பி. வேதத்தில் உடன்படிக்கையின் பெயரால் இரண்டு பேர் இரத்தம் கலப்பது எங்கேயும் இல்லை. மனித இரத்தமே இல்லை. உடம்பைக் கீறிக்கொள்பவர்கள் 1 இராஜாக்கள் 18இல் வரும், பாகால் என்ற கானானியத் தெய்வத்தின் தீர்க்கதரிசிகள். பிளேடைத் தொடாதீர்கள்.

கேள்வி: மன்னிக்கணும் ஐயா, மனித இரத்தமே இல்லையா? ஆண் பிள்ளைகளின் நுனித்தோலை அகற்றும் விருத்தசேதனம்?

பதில்: ஆதியாகமம் 17 அதை உடன்படிக்கையின் ‘அடையாளம்’ என்கிறது, இரத்தம் என்ற சொல்லே அதில் இல்லை.

கேள்வி: யாத்திராகமம் 4இல் மோசேயின் மனைவி சிப்போராள் கூர்மையான கல்லால் மகனை விருத்தசேதனம் பண்ணிவிட்டு, ‘இரத்தசம்பந்தமான புருஷன்’ என்கிறாளே? யூதர்கள் அந்தச் சடங்கில் எசேக்கியேல் 16:6ஐச் சொல்வதும் உண்டே: ‘உன் இரத்தத்தில் பிழைத்திரு.’

பதில்: சரி, பிடித்துவிட்டீர்கள். ‘மனித இரத்தமே இல்லை’ என்றது அதிகப்படி, திரும்ப வாங்கிக்கொள்கிறேன். சிப்போராளின் அந்த மூன்று வசனங்கள் வேதத்திலேயே கடினமானவை. ஆனால் அங்கேயும் பிள்ளையின் இரத்தத்தோடு இன்னொருவர் இரத்தம் கலக்கவில்லை. நான் மறுப்பது அந்தக் கலப்பைத்தான்.

கேள்வி: இரத்தம் கலந்தால்தான் உடன்படிக்கை செல்லுமா?

பதில்: இல்லை, மேலே இரண்டு முறை சொல்லியாயிற்று. இரத்தம் கலக்காமலேதான் யாக்கோபும் அவர் மாமனார் லாபானும் உடன்படிக்கை பண்ணிக் கற்குவியல் போட்டு, அதன்மேல் சாப்பிட்டார்கள். எண்ணாகமம் 18இல் உப்பு உடன்படிக்கை இருக்கிறது.

கேள்வி: யெப்தாவின் இரத்த உடன்படிக்கை பற்றி?

பதில்: நியாயாதிபதிகள் 11இல் யெப்தா செய்தது பொருத்தனை, அதாவது தேவனுக்கு நேர்ந்துகொள்வது. ஆணை வேறு, பொருத்தனை வேறு, உடன்படிக்கை வேறு. தயவுசெய்து குழப்பாதீர்கள்.

கேள்வி: சத்தியம் செய்து மீறிவிட்டேன். தண்டனை வருமா?

பதில்: இதை இங்கே கேட்காதீர்கள். உங்கள் ஆயரிடம் நேரில் பேசுங்கள், இந்த வாரமே.

கேள்வி: சபையில் அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்தில் சொல்லும் ‘உடன்படிக்கையின் இரத்தம்’ எங்கிருந்து வருகிறது?

பதில்: யாத்திராகமம் 24:8. மோசே காளைகளின் இரத்தத்தில் பாதியைப் பாத்திரங்களில் வைக்கிறான், பாதியைப் பலிபீடத்தில் தெளிக்கிறான். உடன்படிக்கைப் புஸ்தகத்தை வாசிக்கிறான். ஜனங்கள் ‘கீழ்ப்படிவோம்’ என்ற பிறகுதான் மீதியை அவர்கள்மேல் தெளிக்கிறான். ஒரே இரத்தம், இரண்டு பக்கமும். அப்புறம் 70 மூப்பர்களோடு மலையேறுகிறான். 11ஆம் வசனத்தைப் பாருங்கள்: அவர்கள் தேவனைக் கண்டார்கள், சாப்பிட்டார்கள், குடித்தார்கள். கடைசி இராப்போஜனத்தில் மேசையில் உட்கார்ந்து பாத்திரத்தை எடுத்தபோது இயேசு அந்தச் சொல்லைத்தான் சொன்னார்.