இரண்டு கம்போடு அப்பா நடக்கலாமா?

கேள்வி: நாங்கள் மட்டக்களப்பு கல்லடியில் இருக்கிறோம். அப்பாவுக்கு 66 வயது, பார்க்கின்சன் நோய் வந்து மூன்று வருடம். நடக்கும்போது வலது கை வீசுவதே இல்லை, காலையும் இழுத்து இழுத்து வைக்கிறார். கனடாவில் இருக்கும் தம்பி இரண்டு நடைக்கம்புகள் அனுப்பியிருக்கிறான். "ஒரு ஊன்றுகோல் போதாதா, இதென்ன கூத்து" என்கிறா பெரியம்மா. பாவிக்கலாமா?

பதில்: பாவிக்கலாம் மகள். ஆனால் இது சாய்ந்து நிற்கிற ஊன்றுகோல் இல்லை. வாவியில் தோணியைக் கம்பால் தள்ளுவதைப் பார்த்திருப்பீர்கள்தானே, கம்பைப் பின்னுக்கு ஊன்றித் தள்ள தோணி முன்னுக்குப் போகும், அதே வேலைதான். பின்லாந்தில் பனிச்சறுக்குக்காரர்கள் கோடையிலும் பயிற்சி விடாமல் இருக்கக் கம்போடு நடந்ததில் தொடங்கிய பழக்கம் இது.

இந்த நோயில், அசைவுகளுக்கு உதவும் டோபமின் என்ற இரசாயனம் மூளையில் குறைவதால், நினைக்காமலே நடக்கிற கைவீச்சு, காலடி நீளம் எல்லாம் சுருங்கிவிடும். கம்பு இருந்தால் கையை வீசியே ஆகவேண்டும், அது தரையில் படுகிற டக் டக் சத்தத்துக்குக் காலும் எட்டிப் போகும். நடுக்கம் இதனால் நிற்காது, குளிசையையும் விடமுடியாது.

அப்பாவின் உயரத்தை 0.68 ஆல் பெருக்கினால் கம்பின் உயரம் வரும். 165 சென்டிமீட்டர் ஆளுக்குச் சுமார் 112. தம்பி தன் உயரத்துக்கு வாங்கியிருந்தால் குறைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், எல்லாரும் பிழைவிடுவது ஒரு இடத்தில்: வலது காலோடு வலது கம்பும் போகும். அதைத் திருத்தச் சத்தம் போடாதீர்கள், அவர் இன்னும் குழம்புவார். முதல் சில நாள் கம்பை ஊன்றவே வேண்டாம், இரண்டு கையிலும் தொங்கவிட்டு நிலத்தில் இழுபட நடக்கட்டும். கை தானாக எதிர்க்காலோடு வீசத் தொடங்கிய பிறகு மெல்ல ஊன்றலாம்.

குளிசை வேலை செய்யும் நேரமாகப் பார்த்து, வெயில் ஏறமுன் போங்கள். கல்லடிக் கடற்கரையின் காய்ந்த மணலில் கால் புதையும், மட்டமான விளையாட்டு மைதானம் நல்லது. கம்பைக் கண்டால் தெருநாய்களும் விடாது, நீங்களும் பக்கத்தில் இருங்கள், ஆனால் கதைக்காதீர்கள். வழியில் ஒருவர் "எங்க சேர் இந்த நேரத்தில" என்று கேட்டாலே நடையின் தாளம் போய்விடும். நின்று பதில் சொல்லிவிட்டுத் திரும்பத் தொடங்கட்டும். திரும்பும்போது நின்ற இடத்திலேயே சுழலாமல் அகலமாக வளைந்து வரவேண்டும்.

எழும்பும்போது தலைசுற்றுகிறதா, அண்மையில் விழுந்தாரா, கால் நிலத்தில் ஒட்டியதுபோல அடிக்கடி நின்றுவிடுகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் நீங்களாகத் தொடங்கவேண்டாம், இரண்டு கம்பே காலைத் தடக்கிவிடும். அடுத்த கிளினிக்குக்குக் கம்புகளையும் கொண்டுபோங்கள், பிசியோதெரபிஸ்டுக்கு முன்னால் பத்தடி நடந்து காட்டினால் போதும்.