சமகால மேற்கத்திய இசைக் கச்சேரிகளில் பாடகர்கள் பாடாமல் பேசுவதும் மூச்சு விடுவதும் ஏன்?

இப்படிப்பட்ட இசையை எழுதும் இசையமைப்பாளர்களுக்குக் குரல் என்பது மெட்டைச் சுமக்கும் கருவி மட்டும் அல்ல. மூச்சு, முணுமுணுப்பு, பேச்சு எல்லாமே இசைக்கான கச்சாப் பொருள்தான்.

இது நேற்று வந்த பழக்கமும் இல்லை. 1912இல் பெர்லினில் அரங்கேறிய, ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஷோன்பெர்க்கின் 'பியரோ லூனேர்' படைப்பில், 21 கவிதைகளைப் பாட்டுக்கும் பேச்சுக்கும் நடுவில் நிற்கும் ஒரு குரலில் சொல்ல வேண்டும். துணைக்கு ஐந்தே பேர், எட்டு வாத்தியங்களை மாற்றி மாற்றி வாசிப்பார்கள். இன்றைய சிறு குழுக்கள் பலவற்றுக்கும் அந்த அமைப்புதான் அடிப்படை.

சரி, இத்தகைய இசையைக் கேட்க எங்கிருந்து தொடங்கலாம்? அமெரிக்கரான கரோலின் ஷா எழுதிய 'பார்ட்டிட்டா'வைத்தான் நான் சொல்வேன். எட்டுக் குரல்கள், வாத்தியமே கிடையாது. 2013இல் இதற்குப் புலிட்சர் பரிசு கிடைத்தபோது அவருக்கு வயது 30. இசைக்கான அந்தப் பரிசை அவ்வளவு இளம் வயதில் அதற்குமுன் யாரும் வாங்கியதில்லை. நான்கு பகுதிகளுக்கும் பழைய ஐரோப்பிய இசை வடிவங்களின் பெயர்கள். முதல் பகுதி வெறும் பேச்சில் தொடங்கும்: நடனத்துக்கு அடி சொல்லிக்கொடுப்பது போன்ற சொற்கள், ஓவியர் சால் லெவிட் சுவரில் கோடு வரைய எழுதிவைத்த குறிப்புகள். ஒருவர் பேச்சின் மேல் இன்னொருவர் பேச்சு ஏறி, சந்தை இரைச்சல் போல ஆகும். அப்புறம் திடீரென எட்டுப் பேரும் ஒரே சுரக்கூட்டில், அதாவது பல சுரங்கள் ஒன்றாகச் சேர்ந்து ஒலிக்கும்படி, வாய் திறப்பார்கள். எனக்கு இன்றும் அந்த இடத்தில் உடல் சிலிர்க்கிறது. முன்னால் அந்த இரைச்சல் இல்லாவிட்டால் அந்தச் சுரங்களுக்கு அவ்வளவு வெளிச்சம் வராது.

முதல் தடவை அர்த்தம் தேடாமல் கேளுங்கள். இரண்டாம் தடவை ஒரே ஒரு குரலை மட்டும் பின்தொடருங்கள்.